நிருபருக்கு ஓர் அவகாசம்

நாளேடு ஒன்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியாடி உழைத்த பத்திரிகையாளர் ஒருவரை, அவருடைய தொழில் வாழ்வின் நடுப்பகுதியில் ஒரு சர்வகலாசாலை தன்னிடம் அழைத்து, பரீட்சை எழுத வேண்டாம், பட்டம் வாங்க வேண்டாம், விரும்பிய ஆசிரியரிடம் விரும்பிய பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று சொல்லி, அந்தக் காலம் முழுவதற்கும் வேண்டிய உபகாரச் சம்பளத்தையும் தானே கொடுத்து ஆதரிக்கும் வழக்கம் ஒன்று உலகில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தமிழ்ப் பத்திரிகை படிக்கும் ஒருவருக்கு இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் நம் நீரிணைக்கு அக்கரையிலே, சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், ஆசியப் பத்திரிகையாளர்களுக்கென்றே இத்தகைய திட்டம் ஒன்று 2009-இல் தொடங்கப்பெற்றது. பாலம் கடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் இந்த நன்மை, மலேசியாவின் தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்கு என்ன பிரயோஜனம் தந்தது, இனி எவ்விதம் தரக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பதற்கு, முதலில் இவ்வழக்கத்தின் குண தோஷங்களைச் சிறிது நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

இதன் ஆதி ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருக்கிறது. மில்வாக்கி ஜர்னல் என்னும் பத்திரிகையை நிறுவிய லூசியஸ் நீமன் என்பாரின் மனைவி ஆக்னஸ், தம் கணவரின் நினைவாகப் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை, பத்திரிகைத் தொழிலின் தரத்தை உயர்த்துக என்ற ஒரே நிபந்தனையோடு, அந்தச் சர்வகலாசாலைக்கு எழுதி வைத்து 1936-இல் காலமானார். அப்போது ஹார்வர்டின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் ஒரு ரசாயன சாஸ்திரி. புதிதாக ஒரு பத்திரிகைக் கல்லூரியைக் கட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களைச் சர்வகலாசாலைக்குள் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்ற யோசனையையும் அவர் மிகுந்த சந்தேகத்தோடுதான் ஒரு பரீட்சையாக ஏற்றுக்கொண்டார். 1938-இல் ஒன்பது பேர் வந்தார்கள், பரீட்சை வென்றது. பிற்காலத்தில் ஸ்டான்போர்டிலும் மிச்சிகனிலும், ஆங்கில நாட்டில் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இதே அச்சில் திட்டங்கள் எழுந்தன.

இவ்வழக்கத்தின் பெருமையைச் சொல்வதற்கு ஆன்டனி லூயிஸ் என்பவரின் சரித்திரமே போதுமானது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நிருபராகிய அவர், 1956-57-ஆம் ஆண்டை ஹார்வர்டின் சட்டக் கல்லூரியில் கழித்துவிட்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் செய்திகளை எழுதும் பணிக்குத் திரும்பினார். அதுவரை இன்னாருக்குச் சாதகமாகத் தீர்ப்பு, இன்னாருக்குப் பாதகமாகத் தீர்ப்பு என்ற அளவில் எழுதப்பட்டு வந்த நீதிமன்றச் செய்தி, அவர் கையில், தீர்ப்பின் காரணத்தையும் அக்காரணத்தின் வரலாற்றையும் சாமானிய வாசகன் புரிந்துகொள்ளும்படி விளக்குகிற ஒரு தனிக் கலையாயிற்று. வக்கீல் வைக்க வசதியில்லாத கைதி ஒருவர் சிறையிலிருந்து எழுதிய மனு நாட்டின் சட்டத்தையே மாற்றிய கதையை அவர் 1964-இல் நூலாக எழுதினார். இன்றளவும் அது சட்ட மாணவர்களால் வாசிக்கப்படுகிறது. ஓராண்டுப் படிப்புக்குச் செலவான பணத்தை, அதற்குப் பின் பல ஆண்டுகள் அவர் எழுத்தைப் படித்துத் தம் உரிமைகளை அறிந்துகொண்ட லட்சக்கணக்கான மக்களின் லாபத்தோடு ஒப்பிட்டால், அதைச் செலவு என்று சொல்லவே மனம் வரவில்லை.

பத்திரிகைத் தொழிலின் சுபாவமே இப்படிப்பட்ட அவகாசத்தை வேண்டி நிற்பது. வைத்தியரும் வக்கீலும் தம் துறை ஒன்றையே வாழ்நாள் முழுவதும் பயில்கிறார்கள். நிருபரோ காலையில் நீதிமன்றம், மதியம் நகராண்மைக் கழகம், மாலையில் கோயில் திருவிழா, இரவில் விபத்து என்று அலைந்து, எதையும் ஆழமாக அறிய நேரமின்றி, எல்லாவற்றையும் அறிந்தவர்போல் எழுத வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கிறார். பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு கழித்தவரிடம் வேகம் நிறைய இருக்கும், ஊர்ப் பழக்கம் இருக்கும், யாரைக் கேட்டால் எது தெரியும் என்ற சாமர்த்தியம் இருக்கும். ஆனால் அவர் மனத்தில் புதிய வித்தை ஒன்று இறங்குவதற்கு இடைவெளியே கிடைத்திராது. இளைஞனாகக் கல்லூரியில் படித்தபோது கேட்கத் தெரியாதிருந்த கேள்விகள் இப்போது அவரிடம் இருக்கின்றன. அந்தக் கேள்விகளோடு அவரை ஓர் ஆசிரியரின் முன் கொண்டுபோய் அமர்த்துவதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

இதை நம் ஊர் அனுபவத்தைக் கொண்டே பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைச் சிலர் கொட்டியபோது, நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பெரும்பங்கு பள்ளிப் பிள்ளைகள், மூச்சுத் திணறலும் வாந்தியுமாக வைத்தியத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். பென்சீன், டொலுயீன், அக்ரிலோநைட்ரைல் என்று தினந்தோறும் புதுப்புதுப் பெயர்கள் அதிகாரிகளின் அறிக்கைகளில் வந்தன. அந்த நாட்களில் ஒரு தமிழ்த் தாய் தன் பத்திரிகையிடம் எதிர்பார்த்தது என்ன? எத்தனை பள்ளிகள் மூடப்பட்டன என்ற கணக்கை வானொலியே சொல்லிவிட்டது. இந்த வாயு எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும், வீட்டுக் கிணற்றிலும் தரையிலும் தங்குமா, ஒரு முறை மயங்கி விழுந்த குழந்தைக்கு ஓராண்டு கழித்து என்ன சோதனை செய்ய வேண்டும், கழிவு கொட்டுவதைத் தடுக்கும் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் தண்டனை என்ன, அதை யார் நிறைவேற்ற வேண்டும் என்பவையே அவளுடைய கேள்விகள். இவற்றுக்கு விடை தேட, அமைச்சரின் அறிக்கையை மொழிபெயர்ப்பது போதாது. அறிக்கையில் எது விடுபட்டது என்று கண்டுபிடிக்கும் அறிவு வேண்டும். அந்த அறிவு ஸ்கூடாயில், நகரத்திலிருந்து அரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ரசாயனத் துறையில் இருந்தது. செய்தி எழுத வேண்டியவரோ பாசிர் கூடாங்கில் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருவரையும் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே பரிச்சயப்படுத்தி வைக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

கல்வியாக மட்டுமன்றி, அடைக்கலமாகவும் இவ்வழக்கம் சில வேளைகளில் பயன்பட்டிருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜே.எஸ். திசைநாயகம், தாம் எழுதிய கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்டில் இருபது ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டவர். உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அவர் ஜாமீனில் வெளிவந்து, 2010-இல் மன்னிப்பும் பெற்று, அவ்வாண்டே ஹார்வர்டில் நீமன் உபகாரச் சம்பளம் பெற்றவராகச் சென்று சேர்ந்தார். எழுதிய குற்றத்துக்காகச் சிறை கண்ட ஒருவருக்கு, நூலகமும் நிம்மதியும் கொடுத்து வரவேற்பதைவிட ஒரு சர்வகலாசாலை செய்யக்கூடிய சிறந்த தர்மம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும், இந்த இடத்திலேயே இவ்வழக்கத்தின் முதல் குறையும் வெளிப்படுகிறது. ஒருவரை எடுத்துக்கொண்டுபோய் ஓராண்டு போஷிப்பது சர்வகலாசாலையால் ஆகும். அந்த ஆண்டு முடிந்த மறுநாள் அவர் எங்கே போவார் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் நாட் நகாசாவுக்கு 1964-இல் ஹார்வர்டு இடம் கொடுத்தது. அவருடைய அரசாங்கம் கடவுச்சீட்டுக் கொடுக்க மறுத்து, போனால் திரும்பி வரக்கூடாது என்ற அனுமதிச் சீட்டை மட்டும் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டு போனார். படிப்புக் காலம் முடிந்த சில வாரங்களில், 1965 ஜூலையில், நியூயார்க் நகரில் உயரமான கட்டடம் ஒன்றிலிருந்து விழுந்து, இருபத்தெட்டாம் வயதில் இறந்தார். அவருடைய அஸ்தி தாய்நாட்டு மண்ணுக்குத் திரும்ப 2014-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டிலிருந்து 1970-களில் ஹார்வர்டு சென்ற எம்.ஜி.ஜி. பிள்ளை திரும்பி வந்தார். ஆனால் அவர் திரும்பி வந்த நாட்டில், 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் கீழ் பத்திரிகைகள் ஆண்டுக்கு ஆண்டு உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987-இல் மூன்று பத்திரிகைகள் ஒரே வீச்சில் நிறுத்தப்பட்டன. 1994-இல் ஒரு மானநஷ்ட வழக்கில் அவர்மீதே இருபது லட்சம் வெள்ளி நஷ்டஈடு விழுந்தது. உயர்ந்த கல்வி ஒரு பத்திரிகையாளருக்குப் பார்வையைக் கொடுக்கிறது. பார்த்ததை எழுதும் ஸ்வதந்திரத்தை அது கொடுப்பதில்லை. கொடுக்காததற்காகச் சர்வகலாசாலையைக் கோபிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் கல்வி ஒன்றே பத்திரிகையை உயர்த்திவிடும் என்ற ஆக்னஸ் அம்மையாரின் நம்பிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்வதும் இயலாது.

இரண்டாவது குறை தேர்வு முறையைப் பற்றியது, நம்மை நேரடியாகத் தொடுவதும் இதுதான். விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்; எழுதிய கட்டுரைகளைக் காட்டவேண்டும்; அவற்றைப் படித்துப் பாராட்டக்கூடிய பெரியவர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும்; குறைந்தது ஐந்தாண்டு முழு நேர அனுபவம் வேண்டும். இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நியாயமானவை. சேர்த்துப் பார்த்தால், கோலாலம்பூரிலோ சென்னையிலோ உள்ள ஆங்கிலப் பத்திரிகையின் நிருபருக்குத் திறக்கும் கதவு, குளுவாங்கிலோ சிகாமாட்டிலோ பள்ளி ஆசிரியராகவோ காப்புறுதி முகவராகவோ இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் தமிழ் நாளேட்டுக்குச் செய்தி அனுப்பும் வட்டார நிருபருக்குத் திறக்காது என்பது விளங்கும். தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளியின் கூரை ஒழுகுவதையும், அடையாள அட்டை இல்லாமல் அலையும் முதியவரையும், தோட்டம் விற்கப்பட்டபின் இடம்பெயர்ந்த குடும்பங்களையும் முதலில் எழுதுபவர் அவர்தாம். முழு நேர ஊழியர் இல்லை என்பதால் முதல் நிபந்தனையிலேயே அவர் விழுந்துவிடுகிறார். ஹார்வர்டுக்கே முதல் ஏழு ஆண்டுகள் ஆண்கள் மட்டுமே சென்றார்கள், 1945-இல்தான் பெண்கள் இருவர் சேர்க்கப்பட்டார்கள் என்பதை நினைக்கும்போது, யார் தகுதியுடையவர் என்ற தீர்மானம் அந்தந்தக் காலத்துப் பழக்கத்துக்கு எவ்வளவு அடிமைப்பட்டது என்பதும் தெரிகிறது.

மூன்றாவது, சிறு பத்திரிகையின் சங்கடம். நூறு பேர் வேலை செய்யும் ஆசிரியர் குழுவிலிருந்து ஒருவரை ஓராண்டு அனுப்பி வைப்பது பெருமைக்குரிய காரியம். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு நாளேட்டையே கொண்டுவரும் இடத்திலிருந்து ஒருவரை மூன்று மாதம் அனுப்புவது பத்திரிகையையே நிறுத்துவதற்குச் சமம். நம் பாலம் திறக்கப்பட்ட அதே 1924-ஆம் ஆண்டில் பிறந்த தமிழ் நேசன், தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் ஓடி, 2019-இல் நின்றுவிட்டது. நாளேடு நிற்பதற்குக் காகித விலையும் விளம்பரக் குறைவும் கைபேசியும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன, அவை மெய்யே. அவற்றோடு, தமிழ்ப் பத்திரிகையில் நுழைந்த திறமைசாலிகளுக்கு அங்கே வளர்ச்சிக்கு வழியில்லாமல், சில ஆண்டுகளில் அவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்விடும் அவலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சிங்கப்பூரில் எழுந்த ஆசியப் பத்திரிகையாளர் திட்டம் இக்குறைகளில் சிலவற்றைக் குறைத்தது உண்மை. ஓராண்டு என்பதை மூன்று மாதமாகச் சுருக்கியது. மணிலாவிலும் ஜக்கார்த்தாவிலும் டாக்காவிலும் காட்மாண்டுவிலும் வேலை செய்பவர்களை ஒரே மேசையைச் சுற்றி அமர்த்தி, அமெரிக்காவின் வழியாகவே ஒருவரையொருவர் அறிந்துவந்த ஆசியர்களுக்கு நேர்ப் பழக்கத்தை உண்டாக்கியது. இதற்குப் பணம் கொடுத்தது சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமாகிய தெமாசெக்கின் அறக்கட்டளை. இடம் கொடுத்ததோ 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்திரிகை நிறுவனங்களின் நிர்வாகப் பங்குகளையே அரசின் அங்கீகாரத்துக்கு உட்படுத்தியிருக்கும் ஒரு நாடு. திட்டத்தின் முதல் இயக்குநராக இருந்த செரியன் ஜார்ஜ், அந்நாட்டுப் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி விரிவாகவும் துணிவாகவும் எழுதிய அறிஞர். 2013-இல் அப்பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பதவி மறுத்தபோது மாணவர்களும் அறிஞர்களும் அதைக் குறித்து வருந்தி எழுதினார்கள். மறு ஆண்டு அவர் ஹாங்காங் சென்றார். திட்டமும் பின்னாளில் கொள்கை ஆய்வுக் கழகத்துக்கு மாறிற்று. கொடுத்தவர் யார் என்பதை மட்டும் வைத்துக் கொடையை நிராகரிக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் விருந்தினராகச் சென்றவர் விருந்தளித்தவரைப் பற்றி எழுதுவதற்குத் தயங்குவது மனித சுபாவம். பத்திரிகையாளருக்கோ அந்தத் தயக்கம் ஒரு நோயின் ஆரம்பம். ஆகையால் இத்தகைய நிதி பல கைகளிலிருந்து வருவதும், தேர்வு செய்பவர்களில் பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்தவர்களே பெரும்பான்மையாக இருப்பதும் அத்தியாவசியமாகின்றன.

சர்வகலாசாலை வாசலை மிதிக்காமலே கைகூடிய ஒரு படிப்பையும் இங்கே நினைக்க வேண்டும். 1993-இல், சென்னையில் பிறந்த பி. சாய்நாத், டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளேட்டின் உபகாரச் சம்பளம் ஒன்றைப் பெற்று, ஐந்து மாநிலங்களில் மிக வறிய மாவட்டங்கள் பத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கேயே தங்கி, நடந்தும் கிடைத்த வண்டியில் ஏறியும் திரிந்து எழுதினார். அவற்றில் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் இரண்டு. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை, அது ஒரு வேடிக்கைச் செய்தியாகத் தோன்றக்கூடியதாயினும், பெண்ணின் நடமாட்டமும் கூலியும் மானமும் சம்பந்தப்பட்ட பெரும் மாறுதல் என்று கண்டு எழுதியது அவருக்குக் கிடைத்த அவகாசத்தின் பயனேயாகும். 1996-இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தியாவில் ஒரு தலைமுறை நிருபர்களைக் கிராமத்துப் பக்கம் திருப்பிற்று. இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஜொகூரில் ஏராளம். அவர்கள் தாத்தாக்களை ஊரைவிட்டுத் துரத்திய வறட்சியின் கதை ஓரளவுக்கு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஓராண்டு நூலகத்தில் அமர்வதும், ஓராண்டு ஊர் ஊராக அலைவதும் ஒன்றுக்கொன்று பகையான முறைகளாகச் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. லூயிஸுக்குச் சட்டம் தேவைப்பட்டது, சாய்நாத்துக்கு மாவட்டங்கள் தேவைப்பட்டன. இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது, நாளைய பக்கத்தை நிரப்ப வேண்டும் என்ற கவலையிலிருந்து விடுதலை.

இனி நம் சர்வகலாசாலைகளின் கடமையைப் பற்றி ஒரு பழைய விஷயத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 1950-களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கல்வித் துறை ஏற்படவிருந்த சந்தர்ப்பத்தில், அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதாடியவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. வாதாடியதோடு நில்லாமல், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டி, தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் சிறு கடைக்காரரும் கொடுத்த சிறு தொகைகளைச் சேர்த்து, பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்கு அளித்தார். 1956-இல் அத்துறை தொடங்கிற்று. அதற்குத் தலைமை வகித்த தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அதாவது, ஒரு தமிழ் நாளேடும் அதன் ஏழை வாசகர்களும் சர்வகலாசாலைக்குக் கொடுத்தார்கள். அத்தகைய நாளேடுகளின் வழி வந்த நிருபர்களுக்கு, அதே நூலகத்தில் மூன்று மாதம் அமர்ந்து படிக்கும் வசதியைச் சர்வகலாசாலை திருப்பிக் கொடுப்பது நன்றிக்கடனாகும். அதைக் கேட்பதற்கு நாம் கூசவேண்டியதில்லை.

கேட்பதாயின், ஹார்வர்டின் பிரதியைக் கேட்பது வீண். நம்முடைய தேவைக்கு அளவெடுத்த ஏற்பாட்டையே கேட்க வேண்டும். ஆறு வாரமோ மூன்று மாதமோ போதும். பகுதி நேர நிருபர்களும் விண்ணப்பிக்கலாம் என்று இருக்க வேண்டும். விண்ணப்பமும் எழுத்து மாதிரியும் தமிழில் இருந்தால் அவற்றைத் தமிழறிந்தவர்களே படித்து முடிவு செய்ய வேண்டும். பாடங்கள் நிருபரின் ஊரிலிருந்து எழ வேண்டும்: பாசிர் கூடாங்கைச் சேர்ந்தவர் ஸ்கூடாயில் ரசாயனமும் சுற்றுச்சூழல் சட்டமும் பயிலலாம்; பாலத்தைத் தினமும் கடக்கும் தொழிலாளர்களைப் பற்றி எழுதுபவர் தொழிலாளர் சட்டமும் பொருளாதாரமும் பயிலலாம்; தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி எழுதுபவர் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கப் பழகலாம். 2025-இல் நடைமுறைக்கு வந்த ஊடக மன்றச் சட்டத்தின்படி அமைந்த மன்றம், உண்மையாகவே தொழிலின் தரத்தில் சிரத்தை கொண்டதாயின், இந்த நிதியைப் பல இடங்களிலிருந்து பெற்றுப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்கலாம். இவை எல்லாவற்றிலும் நான் அதிகமாக வற்புறுத்துவது ஒரு சின்னக் கணக்கையே: உபகாரச் சம்பளம் படிக்கப் போகிறவருக்கு மட்டும் போதாது, அவர் இல்லாத நாட்களில் அவருடைய வட்டாரத்துக்கு ஓடி, செய்தி சேர்த்து எழுதப்போகும் மாற்று நிருபருக்கான ஊதியத்தையும் அதே நிதி அந்தப் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும். அது இல்லாத வரையில் தமிழ் நாளேட்டின் ஆசிரியர் எவரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட முடியாது.